26 டிகிரி மண்

எனக்கும் சிவில் இன்ஜினியரிங்குக்கும் உள்ள சம்பந்தம், சின்ன வயதில் எங்கள் கொல்லையில் கிணறு தூர் வாரியபோது எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். படிப்பது பி.காம். எது டெபிட், எது கிரெடிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் (சரியாகச் சொல்வேன் என்று சொல்லவில்லை). ஆனால் போன மாதம் முழுக்க நான் படித்தது மண்ணைப் பற்றி. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பித்து வைத்தவன் என் பள்ளித் தோழன். பொறியியல் கல்லூரியில் சிவில் கடைசி வருடம். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டுமாம். "டேபிள் எல்லாம் நீ அடிச்சுக் குடுத்துடுடா" என்று லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டான். எக்செல் என்றால் ஊரில் நம்மைத்தான் தேடுவார்கள். மலைச்சாலை ஓரத்தில் வெட்டிய ஒரு மண்சரிவு நிற்குமா விழுமா என்று கம்ப்யூட்டரில் மாடல் செய்து பார்ப்பதுதான் அவன் பிராஜெக்ட்.

திரையில் பார்த்தால் ஒரு மலை. மலை முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். அதன்மேல் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு.

"என்னடா இது, மார்கழிக் கோலமா?"

"மண்ணுடா. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு துண்டு மண்ணு. பக்கத்துல இருக்குற துண்டு இதைத் தள்ளுது, இது அதைத் தள்ளுது. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற வரைக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும்."

ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். விமான இறக்கையின் வலுவைக் கணக்கிட 1950களில் வளர்த்தெடுத்தது. 1960ல் பெர்க்லி பேராசிரியர் ரே கிளஃப் அந்தப் பெயரை வைத்தார். பிறகு அணை, சுரங்கம், மண் என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. எனக்கு அது ட்ரையல் பேலன்ஸ் மாதிரி தெரிந்தது. ஆயிரம் லெட்ஜர், எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் மலை நிற்கிறது, போகாவிட்டால் மலை விழுகிறது.

அடுத்து அவன் காட்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மலை நிற்கிறது, சரி. எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மண்ணின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். ஒன்றேகாலால் வகுத்தால் நிற்கிறதா? ஒன்றரையால்? எந்த எண்ணால் வகுக்கும்போது கணக்கு ஒத்துப்போகாமல் சரிவு நழுவ ஆரம்பிக்கிறதோ, அந்த எண்தான் பாதுகாப்புக் காரணி. மார்ஜினல் காஸ்டிங்கில் மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்று நாங்கள் படிக்கிறோமே, விற்பனை எவ்வளவு விழுந்தால் நஷ்டம் ஆரம்பிக்கும் என்று, கிட்டத்தட்ட அதேதான். அவர்கள் மலையைக் கம்ப்யூட்டருக்குள் விழவைத்துப் பார்க்கிறார்கள்.

அவன் சரிவுக்கு வந்த எண் 1.34. அவனுடைய கைடு எதிர்பார்த்தது 1.5.

இரண்டு நிமிடம் தலையைச் சொறிந்தான். பிறகு லேப் நோட்டை எடுத்தான். அவர்கள் கல்லூரி லேபில் ஷியர் பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பெட்டி, குறுக்கே இரண்டாகப் பிளந்தது. மண்ணை உள்ளே வைத்து, மேலே எடை ஏற்றி, பெட்டியின் ஒரு பாதியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். எந்த விசையில் மண் அறுபடுகிறது என்று குறித்துக்கொள்வது. மூன்று வெவ்வேறு எடைக்கு மூன்று புள்ளி. மூன்றுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் சாய்வுதான் உராய்வுக் கோணம். அவனுக்கு வந்தது 26 டிகிரி.

மூன்றாவது புள்ளி மட்டும் கொஞ்சம் கீழே கிடந்தது. "இது ரீடிங் தப்பா எடுத்திருப்போம்டா" என்று அந்தப் புள்ளியை அடித்துவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டான். 30 டிகிரி. மறுபடி ஓட்டினான். 1.51.

"அடி" என்றான். நான் அடித்தேன். உராய்வுக் கோணம் என்ற கட்டத்தில் 30 என்று டைப் செய்த விரல் என்னுடையது. இருவரும் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டோம்.

அது வெறும் காலேஜ் பிராஜெக்ட்தான். அந்தச் சரிவின் கீழே யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தபோது ஒரு நெருடல். 'இரண்டு எண்ணை மாத்தினா மலையே உறுதியாகிவிடுகிறதே, நிஜத்தில் இதை நம்பியா தோண்டுகிறார்கள்?' என்று தேட ஆரம்பித்தேன். தேடி வந்து நின்ற இடம் சிங்கப்பூர். அங்கே எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு எண்கள். மண்ணுக்கு வலு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஒட்டுத்தன்மை, களிமண் கையில் பிசுபிசுக்கிறதே அது. இன்னொன்று உராய்வு, மணலைக் குவித்தால் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காதே, அது. மேலிருந்து அழுத்த அழுத்த உராய்வு கூடும். இதைச் சமன்பாடாக எழுதியவர் கூலும். ஆமாம், ப்ளஸ் டூ பிசிக்ஸில் மின்னூட்டத்தோடு வந்து உயிரை எடுத்தாரே, அதே கூலும்தான். மனுஷன் முதலில் ராணுவப் பொறியாளர். மார்டினிக் தீவில் எட்டு வருடம் கோட்டை கட்டிவிட்டு வந்து, 1773ல் பாரிஸ் அகாடமியில் இதைப் படித்தார். 250 வருடம் ஆகிவிட்டது. பின்னால் மோர் என்ற ஜெர்மன்காரர் அதைச் செப்பனிட்டார். இன்றைக்கும் எந்த மண் சாப்ட்வேரைத் திறந்தாலும் முதல் மாடலாக நிற்பது மோர்-கூலும்தான். காரணம் எளிமை. இரண்டு எண் போதும்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. கடைசியில் புரியவைத்தது அம்மா துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். தயிர் மூட்டையின்மேல் உடனே ஒரு அம்மிக்கல்லை வைத்தால் என்ன ஆகும்? தயிர் நாலு பக்கமும் பிதுங்கும். அதே தயிரை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு கல்லை வைத்தால்? தாங்கும். தயிர் அதே தயிர்தான், தண்ணீர் வடிய அவகாசம் கிடைத்ததா என்பதுதான் வித்தியாசம். களிமண்ணும் அப்படித்தான். மேலே எடை வைத்த உடனே அந்த எடையை மண்மணிகள் வாங்குவதில்லை. இடுக்கில் இருக்கும் தண்ணீர் வாங்குகிறது. தண்ணீருக்கு உராய்வு கிடையாது. எடை இருக்கிறது, பிடி இல்லை. தண்ணீர் மெல்ல வெளியேறிய பிறகுதான் மணிகள் ஒன்றையொன்று அழுத்தும், பிடி வரும். மணலில் இது சட்டென்று நடந்துவிடும். களிமண்ணில் மாதங்கள், வருடங்கள். 1920களில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த டெர்சாகி இதைக் கண்டுபிடித்தார். மண் இயந்திரவியல் என்ற துறையே அவரிடமிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

இப்போது, மென்மையான களிமண்ணில் வேகமாகக் குழி தோண்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போக நேரமில்லை. குழியின் பக்கத்து மண் நசுங்குகிறது. நசுங்கும்போது மணிகள் நெருங்கி உட்காரப் பார்க்கும். நடுவில் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் முழுக்கத் தண்ணீரின் தலையில் ஏறும். மணிகளின் பிடி இன்னும் தளரும். மோர்-கூலும் மாடலுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது. நசுங்குவதால் தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது என்பதையே அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் தண்ணீர் வடிந்த மண்ணுக்கான எண்களைக் கொடுத்து, 'நீயே பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்' என்று விட்டால், மென்மையான களிமண்ணுக்கு அது நிஜத்தைவிட அதிக வலு கொடுத்துவிடும். இதற்கு ஏ முறை என்று பெயர். களிமண்ணின் வடியாத வலுவை நேரடியாகச் சோதித்து, அந்த எண்ணையே மாடலில் போடுவது பி முறை. இதைவிட நல்ல மாடல்களும் உண்டு. கேம்பிரிட்ஜில் ராஸ்கோவும் அவர் சகாக்களும் 1950, 60களிலேயே கேம்-க்ளே என்று ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். ஊரில் ஓடும் ஆற்றின் பெயரை வைத்த மாடல். (நம் ஊரில் யாராவது காவிரிக் களிமண் என்று ஒரு மாடல் செய்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.)

ஏ, பி என்று பெயர் வைத்தால் ஏதோ செக்‌ஷன் பிரித்த மாதிரிதான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, நிக்கல் ஹைவேயைப் படிக்கும் வரை.

சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் மெட்ரோவுக்காக நிக்கல் ஹைவேயை ஒட்டிக் குழி தோண்டினார்கள். கடலில் மண் கொட்டி உண்டாக்கிய நிலம். அடியில் தடிமனாகக் கடல் களிமண். இரண்டு பக்கமும் 0.8 மீட்டர் தடிமனில் கான்கிரீட் சுவரை முதலில் தரைக்குள் இறக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மண்ணை மேலிருந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். சுவர்கள் உள்ளே சாயாமல் இருக்க, சில மீட்டருக்கு ஒரு வரிசை இரும்புத் தாங்கல் குறுக்கே கொடுப்பார்கள். ஸ்ட்ரட் என்பார்கள். குழி 33 மீட்டர் வரை போக வேண்டும். பத்து வரிசை ஸ்ட்ரட். ஒன்பது வைத்தாகிவிட்டது. பத்தாவதுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 2004 ஏப்ரல் 20, மாலை மூன்றரை மணி வாக்கில் எல்லாம் உள்ளே விழுந்தது. பக்கத்திலிருந்த நெடுஞ்சாலையும் சேர்ந்து இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள்.

அதில் ஒருவர் ஃபோர்மேன். கீழே இருந்த தன் ஆட்களை ஏறச் சொல்லி அனுப்பிவிட்டு, தான் ஏற முடியாமல் போனவர். அவர் உடல் கிடைக்கவே இல்லை. மிச்சமிருந்த சுவர்களும் விழும் நிலையில் இருந்ததால் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இறந்தவர்களில் கிரேன் ஓட்டிய ஒருவரின் பெயர் தமிழ்ப் பெயர். அந்தப் பட்டியலைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

அரசு அமைத்த விசாரணைக் குழு 2005ல் முழு அறிக்கை கொடுத்தது. வடிவமைப்பில் இரண்டு பெரிய பிழைகள் என்றது. ஒன்று, சுவரைக் கணக்கிட ஏ முறையைப் பயன்படுத்தியது. அதனால் களிமண்ணுக்கு இல்லாத வலு கணக்கில் ஏறி, சுவர் எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்க வேண்டும் என்பவை இரண்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து வந்தன. இரண்டாவது பிழையில் களிமண்ணே இல்லை. ஸ்ட்ரட் வந்து முட்டும் இடத்தில் சுவரோரமாக ஒரு நீள இரும்புத் தூலம் ஓடும், வேலர் என்பார்கள். ஸ்ட்ரட்டும் வேலரும் சேரும் இணைப்பை வடிவமைக்கையில் இரும்புக் கட்டுமான விதியைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். இருக்க வேண்டிய வலுவில் பாதிதான் இருந்தது. அந்த இணைப்பு நசுங்காமல் இருக்க வைத்த தகடுகளுக்குப் பதிலாகப் பின்னால் பல இடங்களில் ப வடிவ இரும்புச் சட்டத்தை வைத்தார்கள். அது இன்னும் மோசம். உச்சத்தைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்காமல், தாங்குவதைச் சட்டென்று கைவிட்டுவிடும். ஒன்பதாவது வரிசை கைவிட்டது, அதன் சுமை எட்டாவது வரிசைக்குப் போனது, அதுவும் கைவிட்டது.

இதில் நெடுநாள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மண்ணும் இல்லை, இரும்பும் இல்லை. அளவுமானிகள்.

சுவர் எவ்வளவு வளைகிறது என்று காட்டக் கருவி வைத்திருந்தார்கள். அது தினமும் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அந்த இடத்தில் கணக்குப்படி சுவர் அதிகபட்சம் 145 மில்லிமீட்டர் வளைய வேண்டும். விழுவதற்கு முன் 400ஐத் தாண்டியிருந்தது. ஒரே நாளில் தாண்டியது அல்ல. வாரக்கணக்கில் ஏறியது. அப்படி ஏறும்போது என்ன செய்தார்கள்? பேக் அனாலிசிஸ். அதாவது, அளவு இவ்வளவு வந்திருக்கிறது, மாடலில் எந்த எண்ணை மாற்றினால் இந்த அளவு வரும் என்று திரும்பிப் பார்ப்பது. எண்ணை மாற்றினார்கள். மாடல் அளவோடு ஒத்துப்போனது. எச்சரிக்கை எல்லையையும் அதற்கேற்ப உயர்த்தினார்கள். அளவு மறுபடி தாண்டியது. மறுபடி பேக் அனாலிசிஸ். மறுபடி எல்லை உயர்ந்தது.

எங்கள் காஸ்டிங் வகுப்பில் ஸ்டாண்டர்டு காஸ்டிங் என்று ஒரு பாடம். ஒரு பொருளுக்கு இவ்வளவு செலவாக வேண்டும் என்று முதலிலேயே ஸ்டாண்டர்டு போட்டுக்கொள்வது. நிஜச் செலவு வந்ததும் வித்தியாசத்தை எழுதி, ஏன் என்று தேடுவது. அதற்குப் பெயர் வேரியன்ஸ். வித்தியாசம் வந்ததும் காரணத்தைத் தேடாமல் ஸ்டாண்டர்டையே உயர்த்திவிட்டால் வேரியன்ஸ் பூஜ்யம். பேப்பரில் எல்லாம் அழகாக இருக்கும். எங்கள் சார் இதைச் சொல்லும்போது வகுப்பே சிரித்தது. 'அவ்வளவு முட்டாளா யாராவது இருப்பார்களா?' என்று நானும்தான் சிரித்தேன்.

முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், அனுபவசாலிகள். மாடலை அளவோடு ஒத்துப்போக வைப்பதில் தப்பும் இல்லை. ரால்ஃப் பெக் என்ற பெரியவர் 1969லேயே ஒரு முறையாகச் சொல்லியிருக்கிறார்: மண்ணைப் பற்றி எல்லாம் முன்கூட்டித் தெரியாது, ஆகவே கட்டும்போதே அளந்து பார், அளவு மோசமாகப் போனால் என்ன செய்வாய் என்பதை முதலிலேயே தீர்மானித்து வைத்துக்கொள். அந்தக் கடைசிப் பகுதிதான் உயிர். அளவு ஏறினால் வேலையை நிறுத்து, தாங்கலைக் கூட்டு, மண்ணைத் திரும்பப் போடு என்று ஏதாவது ஒன்று. எண்ணை மட்டும் மாற்றினால் மாடலுக்குத்தான் நிம்மதி. களிமண்ணுக்கு என்ன தெரியும்?

அன்று காலையிலேயே ஒன்பதாவது வரிசையில் சத்தம் கேட்டிருக்கிறது. இணைப்புகள் நசுங்குவது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவற்றைப் பலப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். ஆறேழு மணி நேரம் கழித்து விழுந்தது. தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றுதான் விசாரணைக் குழு சொன்னது.

இனி என் கணக்கு. அப்பா 2001லிருந்து பதினோரு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். அந்த இடத்தில் இல்லை. வேறொரு ஆழக்குழியில், ஸ்ட்ரட் வெல்டிங் நடக்கும் கூட்டத்தில். 2004 ஏப்ரலில் நான் கைக்குழந்தை. நியூஸில் பார்த்துவிட்டு அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு டெலிபோன் இருந்த வீட்டு வாசலில் மறுநாள் வரை உட்கார்ந்திருந்தாராம். இது எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. ஆனால் அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிங்கப்பூர் என்றால் அவர் பேசுவது தேக்காவில் கிடைக்கும் காய்கறி விலையைப் பற்றித்தான்.

இத்தனையும் படித்த பிறகு ஒரு சாயங்காலம் வயலிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். களிமண், ஏ முறை என்று ஆரம்பித்தேன். பாதி கேட்கவில்லை, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது லெவல் போய்விட்டது என்றதும் நிமிர்ந்தார்.

"ஸ்டிஃப்னர் தகடு போட்டிருந்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பத்தாவது ஃபெயில். பல பக்க அறிக்கையில் நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த இடத்துக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றார்.

"அப்புறமா மாத்திட்டாங்கப்பா. ப மாதிரி சேனல்."

"சேனலா?" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேலர்கிட்டதான்டா முதல்ல சத்தம் வரும். டங்குன்னு. எங்க ஃபோர்மேன் சொல்லுவாரு, சத்தம் வந்தா சாமான எடுக்கக்கூட நிக்காத, ஏறுன்னு. ஒரு தடவ ஏறுனோம். ஒண்ணும் ஆகல. மேல ஒருத்தன் வந்து, அளவெல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, எறங்குன்னான்."

"இறங்கினீங்களா?"

"எறங்காம?"

அதற்கு மேல் பேசவில்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இருபது வருடத்தில் அம்மாவுக்கே தெரியாத விஷயம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

லிமிட் என்ற அந்த வார்த்தையை எத்தனை இடத்தில் படித்திருப்பேன். அது எங்கிருந்து வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் ஏ.சி. அறையில் முக்கோணங்களை ஓட்டி, இரண்டு எண்ணைப் போட்டு எடுத்த எண். அந்த இரண்டு எண்களும் ஆறு சென்டிமீட்டர் பெட்டியிலிருந்தோ, சில போர்வெல் குழாய்களில் எடுத்த மண்ணிலிருந்தோ வந்தவை. ஆடிட்டிங்கில் நாங்கள் நூறு வவுச்சரில் பத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பற்றிக் கேலி பேசுவார்கள். மண்ணில் பார்ப்பது அதைவிடக் குறைவு. லட்சக்கணக்கான டன் மண்ணுக்கு சாட்சி சொல்ல நாலைந்து குழாய் மண்.

பாறை என்றால் இன்னும் வேடிக்கை. கல்லை வெட்டி லேபில் நசுக்கினால் யானை பலம் காட்டும். ஆனால் மலை உடைவது கல்லில் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள விரிசலில். அதனால் ஹூக்கும் பிரவுனும் 1980ல் கொடுத்த சூத்திரத்தோடு, பின்னால் ஹூக் ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்தார். புவியியல் தெரிந்தவர் பாறை முகத்தைக் கண்ணால் பார்த்து, விரிசல் எப்படி, அதன் பரப்பு எப்படி என்று பார்த்து மார்க் போடுவார். எங்கள் பாடத்தில் குட்வில்லுக்கு மதிப்புப் போடுவது மாதிரி. குட்வில் தப்பானால் பார்ட்னர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். 1959 டிசம்பர் 2 அன்று பிரான்ஸில் மால்பாசே அணை உடைந்தது. அணையின் கான்கிரீட்டில் குறையில்லை, இடது கரையில் அது சாய்ந்திருந்த பாறை விரிசலோடு நழுவியது. 400 பேருக்கு மேல் செத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு கம்ப்யூட்டர் மாடலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் 1987ல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சாப்ட்வேரைச் செய்ய ஆரம்பித்ததே தங்கள் மெத்து மண்ணின்மேல் நிற்கும் ஆற்றுக்கரைகளைக் காப்பாற்றத்தான். சிங்கப்பூரும் அந்த விபத்துக்குப் பிறகு மாடலை விட்டுவிடவில்லை. தற்காலிகத் தாங்கல்தானே என்று அலட்சியமாக விடாமல், நிரந்தரக் கட்டுமானத்துக்கு இருக்கும் அதே கண்டிப்பை அதற்கும் கொண்டுவந்தது. ஆழக்குழிக் கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றது. 2006ல் வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டமே போட்டது. அந்த ஸ்டேஷனைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். 2010ல் திறந்தார்கள். இப்போது அதில் தினமும் ஜனங்கள் போய்வருகிறார்கள்.

தோழனுக்கு போன் செய்தேன். ரிப்போர்ட்டை இன்னும் பைண்டிங்குக்குக் கொடுக்கவில்லை என்றான். அந்த மூன்றாவது புள்ளியை மறுபடி போடச் சொன்னேன். "உனக்கு என்னடா வந்துச்சு? நீ பி.காம்டா" என்றான். நியாயமான கேள்விதான். நிக்கல் ஹைவே பற்றித் தெரியுமா என்றேன். தெரியுமாம், மூன்றாம் வருடப் பாடத்தில் அரைப்பக்கம் இருக்கிறதாம், அஞ்சு மார்க் கேள்வியாம். அப்பா சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை.

"அந்த சாம்பிள்ள கொஞ்சம் ஈரம் அதிகமா இருந்துச்சுடா" என்றான் கடைசியில். "ரீடிங் தப்பில்ல."

மலைச்சாலைச் சரிவு. மழையில் நிற்குமா என்பதுதானே அவன் பிராஜெக்ட்டே! ஈரமான அந்த ஒரு சாம்பிளைத்தான் இரண்டு பேருமாகச் சேர்ந்து அடித்துவிட்டிருக்கிறோம்.

மறுநாள் லேப்டாப்போடு வந்தான். அட்டவணையை மறுபடி நானே அடித்தேன். உராய்வுக் கோணம் 26. பாதுகாப்புக் காரணி 1.34. அதன் கீழே, மழைக்காலத்தில் இந்தச் சரிவுக்கு வடிகால் கொடுக்காவிட்டால் போதுமான உறுதி இல்லை என்று அவன் ஒரு வரி சேர்த்தான். கைடு என்ன சொன்னார் என்று அப்புறம் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் அவருடைய இனிஷியலைத் தப்பாக அடித்திருக்கிறோமாம், அதை மட்டும் மாற்றிக்கொண்டு வரச் சொன்னாராம். அதுவும் நான் அடித்ததுதான்.